பன்னிரண்டில் பத்து போக

லியோன்டீன் ஸ்டெல்லி நாற்பத்தோரு வருடம் அரிசி பார்த்தவர். லூசியானாவில் எங்கள் ஊர் ஆலையில் அந்த வேலைக்கு அப்படித்தான் பெயர். லாரியில் வந்து நிற்கும் ஒவ்வொரு லோடிலும் நீளக் குழாயைக் குத்தி நெல் எடுப்பார்கள். அது உமி நீங்கி, ஒரு கறுப்புத் தட்டில் பரப்பப்பட்டு அவர் மேசைக்கு வரும். உடைசலை ஒரு பக்கம், களையாக முளைக்கிற சிவப்பரிசியை ஒரு பக்கம், கருவிதை என்கிற கறுப்புக் களைவிதையை ஒரு பக்கம் என்று இடுக்கியால் ஒதுக்கி எண்ணுவார். பிறகு தரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரு தட்டில் மூன்று கருவிதை கிடந்தால் போதும், லோடு முழுவதும் ஒரு படி இறங்கிவிடும்.

விவசாயிகள் அவருடைய ஜன்னலுக்கு வெளியே நின்று கத்துவார்கள். அவர் பதிலுக்குக் கத்தியதில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் வைத்திருந்தார்: "தட்டு இங்கதான் இருக்கு. உள்ள வந்து பாரு."

மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். தரம் இறக்கிய ஒவ்வொரு லோடுக்கும் தேதி, லாரி எண், காரணம் எல்லாம் ஒரே வரியில். மூன்று வாரம் கழித்து யாராவது முதலாளியிடம் போய் நின்றால், நோட்டை விரித்துக் காட்டுவார். ஞாபகம் என்பது தவிடு மாதிரி, காற்றடித்தால் போய்விடும் என்பது அவர் கட்சி.

அவரை நல்லவர் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகலாம். அடுத்த வீட்டில் இருபது வருடம் இருந்த நான் அதற்குத் தயங்குவேன். சீட்டாட்டத்தில் யாரையும் விடமாட்டார். செத்த வீட்டுக்கு முதல் ஆளாகச் சோறும் பீன்ஸும் செய்து எடுத்துப் போவார். அங்கே உட்கார்ந்துகொண்டே, இறந்தவர் சீட்டை ஒளித்து வைப்பார் என்றும் சொல்லிவிட்டு வருவார். கணவர் ஆல்வின் நெல் லாரி ஓட்டியவர். அவர் போன பிறகு மகன் ஹூஸ்டனுக்கு வந்துவிடச் சொன்னான். அங்கே அரிசி பிளாஸ்டிக் பையில் வருகிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்.

இவ்வளவும் சொல்வது, 2021 செப்டம்பரில் ஒரு மனிதன் சிறையிலேயே சாவதா வெளியே வருவதா என்பது இந்தப் பெண்ணின் ஞாபகத்தில் வந்து நின்றதால்தான்.

அந்த மனிதன் பெயர் டெல்மார் பீனோ. 1988 ஆகஸ்டில் நெடுஞ்சாலை ஓரத்துக் கடையொன்றில் அதன் உரிமையாளர் கிளாரன்ஸ் ஹாபெட்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தி நேரம். டெல்மாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சாலைக்கு எதிர்ப்பக்கம் நெல் உலர்த்தி அருகே நின்ற ஒருவர், கடை வாசலிலிருந்து ஓடியவன் முகத்தைப் பார்த்ததாகவும் அது டெல்மார்தான் என்றும் சாட்சி சொன்னார். துப்பாக்கி கிடைக்கவில்லை. டெல்மாரின் சட்டைப்பையில் அந்தக் கடையில் விற்கிற சிகரெட் இருந்தது. அந்தச் சிகரெட் எங்கள் மாவட்டத்தில் எல்லாக் கடையிலும்தான் விற்றது.

மறுவருடம் மார்ச்சில் வழக்கு நடந்தது. லியோன்டீனுக்கு ஜூரி அழைப்பு வந்தது. பதினொன்றாவது நாற்காலி. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வெள்ளையர், மூன்று பேர் எங்களைப்போல் கறுப்பர். பெரும்பாலோர் மாவட்டத்தின் வடபக்கத்தவர்கள், மாடும் மரமும் பார்த்து வளர்ந்தவர்கள். நெல் உலர்த்தியின் அருகே வேலை செய்தவர் லியோன்டீன் ஒருவர்தான்.

பத்து பேர் ஒத்துக்கொண்டால் போதும் என்று நீதிபதி சொல்லி அனுப்பினார். லூசியானாவில் அன்று அதுதான் சட்டம். கறுப்பர்கள் ஜூரியில் உட்காரத் தொடங்கிய காலத்தில் கொண்டுவரப்பட்டது. உள்ளே வரும் ஓரிரு கறுப்பரின் ஓட்டு கணக்கில் வராமல் போகத்தான் என்பதை எழுதியவர்கள் ஒளிக்கவும் இல்லை. எங்கள் தலைமுறைக்கு வருவதற்குள் காரணம் உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சியிருந்தது. வழக்கு சீக்கிரம் முடியும், ஒரு பிடிவாதக்காரருக்காகப் பதினொரு பேர் கட்டுண்டு கிடக்க வேண்டாம் என்பார்கள். அது முட்டாள்தனமான வாதம் அல்ல. பிடிவாதக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

குழுவின் தலைவராக வெர்னன் டூப்ளெசியைத் தேர்ந்தார்கள். மாட்டுத்தீவனக் கடைக்காரர், நேர்மையானவர், எடையில் கைவைக்காதவர். அவர் முதலிலேயே கை தூக்கச் சொன்னார். ஒன்பது கை எழுந்தது. எழாதவை மூன்று. ஒன்று லியோன்டீனுடையது. இன்னொன்று பள்ளிப் பேருந்து மெக்கானிக் பென்னட் ஹூலினுடையது, அவர் வெள்ளைக்காரர். மூன்றாவது, பள்ளிச் சமையலறையில் வேலை செய்த ஒரு பெண். அவள் குழந்தைக்கு வீட்டில் காய்ச்சல்.

லியோன்டீனிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. ஆகஸ்டு எங்கள் பக்கம் அறுவடைக் காலம். உலர்த்தி இரவும் பகலும் ஓடும். அது துப்பும் உமித்தூசி சாலைமேல் திரைபோல நிற்கும். அந்தியில் விளக்கு போட்டால் இன்னும் மோசம், வெளிச்சம் தூசியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே விழும். உலர்த்திப் பக்கம் நின்றுகொண்டு எதிரே இருக்கும் கடை வாசலில் ஓர் ஆள் நிற்பதைப் பார்க்கலாம். முகத்தைப் பார்க்க முடியாது. டெல்மாருக்கு வாதாடிய வக்கீல் வெளியூர். உலர்த்தி அன்று ஓடியதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

அதைச் சொல்லலாமா கூடாதா என்று லியோன்டீன் யோசித்துக்கொண்டிருந்தார். கோர்ட்டில் கேட்டதை மட்டுமே வைத்து முடிவெடுங்கள் என்று நீதிபதி சொல்லியிருந்தார். இது கோர்ட்டில் கேட்டதல்ல, தானே மூக்கிலும் கண்ணிலும் வாங்கியது. ஒரு காரியத்தை இருமுறை எண்ணிவிட்டே பேசுகிற சுபாவம் அவருக்கு. பென்னட் தன் முறை வந்தபோது, "எனக்கு நிச்சயமா இல்ல" என்றார், அவ்வளவுதான். சமையல்காரப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், லியோன்டீனைப் பார்த்தாள், கையைத் தூக்கினாள்.

பத்து.

லியோன்டீன், "அந்த உலர்த்தி இருக்கே…" என்று தொடங்கினார். அதே நேரம் வெளியே சாப்பாட்டுத் தட்டுகள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. வெர்னன் மிகவும் மரியாதையாகத் திரும்பினார்.

"நீங்க சிரமப்பட வேண்டாம்மா. பத்து வந்துருச்சு. சாப்பிடுங்க."

உள்ளே போய் நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த இடத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கை எண்ணுவதும் காது கொடுப்பதும் ஒன்றல்ல. பன்னிரண்டும் வேண்டும் என்கிற அறையில், கடைசி ஆளைப் பிடிக்கிறதோ இல்லையோ, அவர் வாயைத் திறக்கும்வரை மற்றவர்கள் உட்கார்ந்திருந்தாக வேண்டும். பத்து போதும் என்கிற அறையில் மீதி இரண்டு பேரும் மேசை நாற்காலிபோல இருந்துகொள்ளலாம். லியோன்டீன் அதைச் சொல்லியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. யாருக்குத் தெரியும்? மாறியிருக்குமா என்பதைத் தெரிந்துகொள்ளக்கூட வழியில்லாமல் போனது, அதுதான்.

தீர்ப்பு வாசித்த பிறகு, ஒவ்வொரு ஜூரரும் ஒரு துண்டுச்சீட்டில் ஆம் அல்லது இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். லியோன்டீன் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். நீதிபதி பன்னிரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, தீர்ப்பு சட்டப்படி சரி என்றார். எண்ணிக்கையை வாசிக்கவில்லை. ஆயுள் தண்டனை, வெளியே வர வழியில்லாத வகை.

லியோன்டீன் வீட்டுக்குப் போகுமுன் காரில் உட்கார்ந்து நோட்டை எடுத்தார். இரண்டு லாரி எண்களுக்கு அடுத்து, அதே பென்சிலால், அதே பாணியில் எழுதினார்.

"செவ்வாய். 12-ல் 10. நானும் பென்னட்டும் இல்லை. உலர்த்தி ஓடும்போது ஹாபெட்ஸ் கடை வாசலில் முகம் தெரியாது."

மறுநாள் வேலைக்குப் போனார். இதைப் பற்றி ஆல்வினிடம்கூடப் பேசவில்லை. சட்டமே என் 'இல்லை' தேவையில்லை என்கிறபோது நான் யாரிடம் போய் என்ன சொல்ல என்பார். ஆனால் அதற்குப் பிறகு அவர் நோட்டுகளைத் தூக்கிப் போடுவதை நிறுத்திவிட்டார். அதுவரை வருடக் கடைசியில் அடுப்பில் போடுவதுதான் வழக்கம். 1989-லிருந்து எல்லாம் ஒரு மாவு டின்னில் சேர்ந்தன.

அரிசியில் மூன்று விதைக்குக் கொடுக்கிற மரியாதையைச் சட்டம் இரண்டு மனிதருக்குக் கொடுக்கவில்லையே என்று பின்னாளில் ஒரு பத்திரிகைக்காரர் அவரிடம் கேட்டார். அவருக்கு அந்த ஒப்புமை பிடிக்கவில்லை. "அரிசின்னா இன்னொரு தடவ அள்ளிப் பாப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

2018-ல் அந்தச் சட்டத்தை மாற்றலாமா என்று மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். லியோன்டீன் நடக்க உதவும் நடைசட்டத்தை ஊன்றிக்கொண்டு காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றார். மாற்றலாம் என்றே மக்கள் சொன்னார்கள். ஆனால் அது புதுக் குற்றங்களுக்கு மட்டும். இரண்டு வருடத்தில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் பன்னிரண்டும் வேண்டும் என்றது. அதுவும் அப்பீல் முடிந்துபோன பழைய வழக்குகளைத் தொடவில்லை. உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள். அப்போது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த அரசு வழக்கறிஞர் ஓர் அறிவிப்பு விட்டார்: பழைய வழக்கில் ஜூரி ஒருமனதாக இருக்கவில்லை என்று யார் நிரூபித்தாலும் அந்த வழக்கைத் திரும்பப் பார்ப்பேன்.

நிரூபிப்பதுதான் கஷ்டம். டெல்மார் வழக்கின் கோப்பில் அந்தத் துண்டுச்சீட்டுகள் இல்லை. 'ஜூரியிடம் கேட்கப்பட்டது, தீர்ப்பு சரி' என்ற ஒரு வரிதான் இருந்தது. டெல்மாருக்கே எண்ணிக்கை தெரியாது. முப்பத்திரண்டு வருடமாகப் பன்னிரண்டு பேரும் தன்னைக் குற்றவாளி என்றார்கள் என நினைத்துக்கொண்டு கிடந்தார்.

அவருக்காக ஓர் இலவச சட்ட உதவி அமைப்பு வேலை செய்தது. பேட்ரிஸ் கியோ என்ற வக்கீல் பழைய ஜூரர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். பென்னட் உட்பட எட்டு பேர் இறந்திருந்தார்கள். மிச்சமிருந்த நால்வரில் மூன்று பேர், வெர்னனையும் சேர்த்து, எல்லாரும் ஒருமனதாகத்தான் முடிவு செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அன்று பத்தாவதாகக் கை தூக்கிய சமையல்காரப் பெண்ணும் அதில் ஒருத்தி. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. தான் வளைந்த இடத்தை மறக்க வேண்டுமானால், எல்லாரும் சேர்ந்து வளைந்ததாக நினைத்துக்கொள்வதைவிட நல்ல வழி கிடையாது.

கடைசியாகப் பேட்ரிஸ் லியோன்டீன் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் அப்போது அங்கே அத்திப்பழ ஜாம் வாங்கப் போயிருந்தேன். பேட்ரிஸ் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், லியோன்டீன் எழுந்து உள்ளே போய் மாவு டின்னைக் கொண்டுவந்தார்.

"மத்த மூணு பேரும் ஒருமனதாத்தான்னு சொல்றாங்க மிஸ் டீன்" என்றார் பேட்ரிஸ், ஊரார் லியோன்டீனைக் கூப்பிடுகிற மாதிரியே. அந்த எச்சரிக்கை தேவைதான்.

"பழகிப்போச்சு" என்றார் லியோன்டீன்.

விசாரணை அன்று நான்தான் காரோட்டிக்கொண்டு போனேன். எழுபத்தேழு வயதில் அவர் ஆலைக்குப் போகிற நாளைப்போலவே உடுத்தியிருந்தார், மேலங்கி மட்டும் இல்லை. வராந்தாவில் வெர்னன் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. லியோன்டீனைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"மிஸ் டீன், நீங்களும்தான் அன்னிக்குக் கை தூக்குனீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"தூக்கல மிஸ்டர் வெர்னன். நீங்க என்னயச் சாப்பிடச் சொன்னீங்க."

வெர்னன் வெகுநேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "சாப்பாடு ஞாபகம் இருக்கு. பன்றிக்கறிக் குழம்பு" என்றார்.

உள்ளே டெல்மார் ஆரஞ்சு உடையில், காலில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, தலை முழுக்க நரை. அவருக்குப் பின்னால் இடப்பக்கம் அவர் அக்கா. வலப்பக்கம் முதல் வரிசையில் ஈனெஸ் ஹாபெட்ஸ், கொல்லப்பட்ட கிளாரன்ஸின் மனைவி. எல்லா விசாரணைக்கும் வந்தவர். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

முதலில் வெர்னன் கூண்டேறினார். எல்லாரும் ஒத்துக்கொண்டோம் என்றார். பேட்ரிஸ் அவரிடம் சண்டை போடவில்லை. வேலை முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டார்.

"பத்து வந்துச்சு. கதவத் தட்டினேன்."

"பன்னிரண்டு வந்ததும்னு நீங்க சொல்லலையே?"

வெர்னனின் உதடுகள் அசைந்தன. முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கைகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசியில் நீதிபதி பக்கம் திரும்பினார்.

"பத்துன்னுதான் எண்ணினேன் ஐயா. அதுக்கப்புறம் எண்ணல."

அதைச் சொல்ல ஒரு மனிதனுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பாராட்டுவதில் நான் கஞ்சன். அவரைப் பாராட்டுகிறேன்.

பிறகு லியோன்டீன். நோட்டு சாட்சியமாக வந்தது. அரசுத் தரப்பின் உதவி வழக்கறிஞர் உடனே எழுந்தார். ஜூரி அறையில் யார் என்ன நினைத்தார்கள், ஏன் நினைத்தார்கள் என்பதைக் கோர்ட்டில் சொல்லச் சட்டம் அனுமதிக்காது, எண்ணிக்கையை மட்டும் சொல்லலாம் என்றார். அவர் சொன்னது சரிதான். நீதிபதி ஒப்புக்கொண்டார். எழுத்தர் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து, உலர்த்தியைப் பற்றிய வாக்கியத்தின்மேல் வைத்து ஒட்டினார். லியோன்டீன் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணலாக ஒட்டியிருந்ததுதான் தன் கண்ணை உறுத்தியது என்று பிறகு சொன்னார். நான் நம்பவில்லை.

"உங்க சீட்டுல என்ன எழுதினீங்க?" என்று பேட்ரிஸ் கேட்டார்.

"இல்லைன்னு."

"வேற யாராவது?"

"பென்னட் ஹூலின். பக்கத்துல உக்காந்து எழுதுனாரு. பாத்தேன்."

"ஏன் எழுதுனீங்கன்னு நான் கேக்கக் கூடாது" என்றார் பேட்ரிஸ்.

"தெரியும். அன்னிக்கும் யாரும் கேக்கல."

நீதிபதி அந்தக் கடைசி வாக்கியத்தைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார்.

மதியத்துக்குள் முடிவு வந்தது. வெர்னனின் வாய்மொழி, நோட்டுக் குறிப்பின் முதல் பாதி, இரண்டையும் வைத்து ஜூரி பத்துக்கு இரண்டாகப் பிரிந்தே இருந்தது என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். அரசு வழக்கறிஞர் எழுந்து தன் நிலையைச் சொன்னார். டெல்மார் சிறிய குற்றமொன்றை ஒப்புக்கொண்டால், உள்ளே இருந்த வருடங்களே தண்டனை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். ஆனால் இறந்தவர் குடும்பத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். திருமதி ஹாபெட்ஸ் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு வாரம் அவகாசம்.

ஆக, எல்லாம் அந்த முதல் வரிசைப் பெண்ணிடம் வந்து நின்றது.

நான் காரை வாசலுக்குக் கொண்டுவந்தபோது, ஈனெஸ் லியோன்டீனின் நடைசட்டத்துக்கு எதிரே வழிமறித்ததுபோல நின்றிருந்தார். அவருக்கு எழுபத்தொன்பது வயது. ஊருக்குள் எத்தனையோ முறை ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள், பேசியதில்லை. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"பன்னெண்டு பேருன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் ஈனெஸ். "முப்பத்திரண்டு வருஷமா. பன்னெண்டு பேருக்குச் சந்தேகமில்லைன்னா எனக்கு மட்டும் எதுக்குன்னு ராத்திரி தூங்குவேன்."

ஈனெஸ் இன்னும் ஓரடி கிட்டே வந்தார்.

"அந்தக் காகிதத்துக்குக் கீழ என்ன எழுதியிருந்துச்சு?"

"வேண்டாம் மிஸ் ஈனெஸ். உங்களுக்கு அது நல்லதில்ல."

"எது எனக்கு நல்லதுன்னு இந்தக் கட்டடத்துல இருக்கறவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்களுமா? நான் கேக்கறேன். சொல்லுங்க."

லியோன்டீன் சொன்னார். மெதுவாகத்தான், வழக்கம்போல எண்ணி எண்ணி. ஆகஸ்டு, அறுவடை, உலர்த்தி, தூசி, விளக்கு. சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆளைப் பார்க்கலாம், முகத்தைப் பார்க்க முடியாது. அவன் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. அந்தச் சாட்சிக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றுதான் சொல்கிறேன். இவ்வளவும் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். முப்பத்திரண்டு வருடம் காத்திருந்த இரண்டு நிமிடம்.

ஈனெஸ் கோர்ட் வாசலில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து அதன் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எங்க வீடு கடைக்குப் பின்னாலதான்" என்றார். "அன்னிக்குச் சாயங்காலம் துணி காயப்போட்டிருந்தேன். கிளாரன்ஸோட வெள்ளச் சட்ட. தூசி அப்பிருச்சுன்னு எடுத்து மறுபடி அலசுனேன். தண்ணிச் சத்தத்துல எனக்குச் சுட்டது கேக்கல."

கொக்கியை அழுத்தி மூடிவிட்டு, "உலர்த்தி ஓடிச்சு" என்றார். "யாராவது என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் என்ன பொய்யா சொல்லப்போறேன்?"

"கேக்க மாட்டாங்க" என்றார் லியோன்டீன்.

ஈனெஸ் எழுந்து கார்கள் நிற்கும் பக்கம் நடந்தார். சமாதானமாகிப் போனார் என்று என்னால் எழுத முடியாது. அவர் கணவரைக் கொன்றவன் யார் என்ற கேள்விக்கு அன்று காலைவரை பதில் இருந்தது, மதியம் இல்லை. அந்தக் கேள்வியோடு வீடு போனார். அதைக் கொடுத்தவர் லியோன்டீன். லியோன்டீனுக்கும் அது தெரியும்.

ஐந்தாம் நாள் ஈனெஸ் அரசு வழக்கறிஞருக்குப் போன் செய்து, தன் தரப்பில் தடை இல்லை என்றாராம். காரணம் கேட்டதற்குச் சொல்லவில்லையாம். அக்டோபர் இரண்டாம் வாரம் டெல்மார், தான் செய்ததாக ஒருநாளும் சொல்லாத ஒன்றில் ஒரு துண்டைச் செய்ததாகக் கையெழுத்திட்டு, வெளியே வந்தார். அது நீதியா என்று என்னைக் கேட்டால், எனக்குப் பதில் தெரியாது. கதவு திறந்தது, அவ்வளவு தெரியும்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவர் தன் அக்காவோடு லியோன்டீன் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று மூன்றுமுறை கேட்டார். கதவைத் தானே திறந்து பழக்கமில்லை. லியோன்டீன் சிவப்பு பீன்ஸும் சோறும் செய்திருந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார், பேச ஆள் வேண்டும் என்பதற்காக இருக்கலாம். டெல்மார் நன்றி சொல்ல வாயெடுத்தபோது, லியோன்டீன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு தம்பி. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அவங்க என்னய வேண்டாம்னாங்க. நான் எந்திரிச்சு நின்னு கத்தியிருக்கலாம். சட்டத்துல அதுக்குத் தடையில்ல. நான் கத்தல. தட்டு வந்துச்சு. சாப்பிட்டேன். முழுசாச் சாப்பிட்டேன்."

டெல்மார் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்றிக்கறிக் குழம்புதானே?" என்றார்.

லியோன்டீன் நிமிர்ந்தார்.

"எனக்கும் அன்னிக்குக் கோர்ட்டுக்குக் கீழ இருந்த அறையில அதே தட்டுதான் குடுத்தாங்க மிஸ் டீன். நானும் சாப்பிட்டேன். பசிச்சுது." பிறகு, எதையோ சரியாக நினைவுபடுத்திக்கொள்வதுபோல, "சோறு மட்டும் ஒரே குழைசல்" என்றார்.

"உடைசல் அரிசி" என்றார் லியோன்டீன். "பாதிக்குப் பாதி உடைசல். எவன் தரம் போட்டானோ."

சொல்லிவிட்டு, டெல்மார் கேட்காமலே, இன்னும் ஒரு கரண்டி சோற்றை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.